பிரவுசர் விண்டோ எந்த மானிட்டரில் நிற்கிறது? - ஒரு ஜாவாஸ்கிரிப்ட் குறிப்பு

ஒரு வெப் பக்கத்துக்குத் தன்னுடைய அகலம் தெரியும், உயரம் தெரியும், எவ்வளவு தூரம் ஸ்க்ரால் ஆகியிருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் தான் ஸ்கிரீனில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியுமா? தெரியும், ஆனால் அரைகுறையாகத்தான். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களுக்கு ப்ரீ-பிரஸ் வேலை செய்கிற நண்பர் ஒருவருக்காக இதைத் தோண்ட வேண்டியிருந்தது. அவர் மேசையில் இரண்டு மானிட்டர். ஒன்று கலர் அளவிட்டுச் சரி செய்தது, விலை கூடுதல். இன்னொன்று மெயில் பார்க்க, பில் போட வைத்திருக்கும் பழையது. லேபிள், காலண்டர் டிசைன்களைப் பிரவுசரில் திறந்து காட்டி, வந்திருக்கும் பார்ட்டியிடம் அங்கேயே ஓகே வாங்குவார்கள். ஓகே பட்டனை அமுக்கிவிட்டால் ஃபைல் பிளேட்டுக்குப் போய்விடும். பிரச்சினை என்னவென்றால், அவசரத்தில் விண்டோ பழைய மானிட்டரில் கிடக்கும். அதில் பார்த்துவிட்டு "சிவப்பு கொஞ்சம் அடிக்குது, குறைச்சிருங்க" என்பார் பார்ட்டி. இவர்களும் குறைப்பார்கள். அச்சாகி வரும்போது பட்டாசுப் பெட்டியின் சிவப்பு வெளிறிப்போய் நிற்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டிய ஷீட்டை அதற்கப்புறம் யார் தலையில் கட்டுவது?

"விண்டோ நல்ல மானிட்டர்ல இருந்தா மட்டும் ஓகே பட்டன் வர்ற மாதிரி செய்ய முடியுமா?" என்று கேட்டார். சின்னக் கேள்விதான். ஆனால் சிவகாசிக்கு லேபிள் சின்ன விஷயம் இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிளுக்காகத்தான் இந்த ஊரில் அச்சுத் தொழில் வேர்விட்டது. வாங்குகிறவர் கலரையும் படத்தையும் பார்த்துத்தான் தன் பிராண்டை அடையாளம் காண்கிறார். பெட்டி நிறம் மாறினால் "இது அந்தச் சரக்கு இல்லையே" என்று கடைக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கீழே ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட வேண்டும். ஸ்கிரீன்எக்ஸ் என்றால் அந்த எக்ஸ் பெரிய எழுத்து. அவ்வளவுதான்.

1. நேரடியான வழி

விண்டோ என்ற பொருளுக்கு ஸ்கிரீன்எக்ஸ், ஸ்கிரீன்ஒய் என்று இரண்டு பண்புகள் உண்டு. பிரவுசர் விண்டோவின் இடது மேல் மூலை, ஸ்கிரீனின் தொடக்கப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு, கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை இவை பிக்சலில் சொல்லும். அனுமதி எதுவும் கேட்காது. கன்சோலைத் திறந்து அடித்தாலே விடை வந்துவிடும்.

இதே வேலைக்கு ஸ்கிரீன்லெஃப்ட், ஸ்கிரீன்டாப் என்று இன்னொரு ஜோடியும் இருக்கிறது. இவை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்துச் சரக்கு. ஃபயர்பாக்ஸ் வெகுநாள் இவற்றைச் சேர்க்காமல் இருந்துவிட்டு, 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. இன்றைய பிரவுசர்களில் இரண்டு ஜோடிக்கும் ஒரே அர்த்தம்தான்.

ஆனால் பழைய நிரல்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய எக்ஸ்புளோரரில் ஸ்கிரீன்லெஃப்ட் என்பது விண்டோவின் வெளி மூலை இல்லை, பக்கம் தெரியும் பகுதியின் மூலை. அந்தக் காலத்துப் பதில்களை அப்படியே எடுத்து ஒட்டினால் டேப் பார் உயரத்துக்குக் கணக்கு தப்பும்.

2. வெளி மூலை வேறு, உள் மூலை வேறு

அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஷீட்டின் விளிம்பு வேறு, படம் தொடங்குகிற இடம் வேறு. மெஷினின் கிரிப்பர் பிடிக்க ஒரு ஓரத்தில் இடம் விட்டாக வேண்டும், அங்கே மை விழாது. பிரவுசரிலும் அப்படித்தான். டேப் பார், அட்ரஸ் பார், புக்மார்க் பார் எல்லாம் கிரிப்பர் மார்ஜின் மாதிரி. நம் பக்கம் அதற்குக் கீழேதான் ஆரம்பிக்கும்.

பல இடங்களில் சொல்லப்படும் கணக்கு இது. விண்டோவின் மொத்த அகலம் அவுட்டர்வித், பக்கத்தின் அகலம் இன்னர்வித். இரண்டின் வித்தியாசத்தில் பாதி, ஒரு பக்கத்து பார்டர். உயரத்துக்கும் அவுட்டர்ஹைட்டில் இன்னர்ஹைட்டைக் கழித்து, கீழ் பார்டரையும் கழித்தால் மீதி மேலே உள்ள பார்களின் உயரம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்:

- ஸ்கிரீன்எக்ஸ் 100, ஸ்கிரீன்ஒய் 50
- அவுட்டர்வித் 1216, இன்னர்வித் 1200. வித்தியாசம் 16, ஆக பார்டர் 8
- அவுட்டர்ஹைட் 900, இன்னர்ஹைட் 792. வித்தியாசம் 108, கீழ் பார்டர் 8 போக மேலே 100
- ஆக பக்கத்தின் மூலை: (108, 150)

அழகாக வருகிறது. இப்போது டெவலப்பர் டூல்ஸைக் கீழ்ப்பக்கமாக 300 பிக்சல் உயரத்துக்குத் திறந்து பாருங்கள். இன்னர்ஹைட் 492 ஆகிவிடும். கணக்கு மேலே 400 பிக்சல் பார் இருப்பதாக நினைத்து, மூலை (108, 450) என்று சொல்லும். பக்கமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. கழித்தல் கணக்குக்கு "எவ்வளவு" என்று தெரியும், "எந்தப் பக்கம்" என்று தெரியாது. இதில் பக்கத்தை ஜூம் செய்தால் இன்னும் மோசம். குரோமில் ஜூம் செய்யும்போது இன்னர்வித் மாறும், அவுட்டர்வித் மாறாது. இரண்டையும் கழிப்பது முழத்திலிருந்து அடியைக் கழிப்பது மாதிரி.

ஃபயர்பாக்ஸில் மட்டும் மாஸ்இன்னர்ஸ்கிரீன்எக்ஸ், மாஸ்இன்னர்ஸ்கிரீன்ஒய் என்று நேராகவே உள் மூலையைச் சொல்லும் பண்புகள் உண்டு. மற்ற பிரவுசர்களில் கிடையாது.

3. மவுஸை வைத்துக் கண்டுபிடிப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான். மவுஸ் நகரும்போது வரும் ஒவ்வொரு நிகழ்விலும் இரண்டு ஜோடி எண்கள் இருக்கும். கிளையன்ட்எக்ஸ், கிளையன்ட்ஒய் என்பவை பக்கத்தின் மூலையிலிருந்து அளந்தவை. அந்த நிகழ்விலேயே இருக்கும் ஸ்கிரீன்எக்ஸ், ஸ்கிரீன்ஒய் என்பவை ஸ்கிரீனின் மூலையிலிருந்து அளந்தவை. ஒரே புள்ளியை இரண்டு இடத்திலிருந்து அளந்து பிரவுசரே கொடுக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பக்கத்தின் மூலை கிடைத்துவிடும்.

மேலே சொன்ன விண்டோவில் மவுஸ் பக்கத்துக்குள் (200, 100) இல் இருக்கிறது, ஸ்கிரீனில் (308, 250) என்று வருகிறது. கழித்தால் (108, 150). டெவலப்பர் டூல்ஸ் எந்தப் பக்கம் திறந்திருந்தாலும் கவலை இல்லை.

ஜூம் வந்தால்? குரோமில் 125 சதவீதம் வைத்தேன் என்று வையுங்கள். ஸ்கிரீனில் அதே 308 இல் நிற்கும் மவுஸுக்கு கிளையன்ட்எக்ஸ் இப்போது 160 என்று வரும். சும்மா கழித்தால் 148. உண்மை 108. 40 பிக்சல் தப்பு.

இதற்குத் தீர்வு அச்சுக்காரர்களின் ரெஜிஸ்டர் மார்க்கில் இருக்கிறது. ஃபோர் கலர் வேலையில் ஒவ்வொரு பிளேட்டிலும் ஓரத்தில் சிலுவைக் குறி போட்டிருப்பார்கள். நான்கு கலரின் குறியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் ரெஜிஸ்டர் சரி. ஒரே ஒரு குறி இருந்தால் படம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எதிர் எதிர் ஓரத்தில் இரண்டு குறி இருந்தால்தான், ஈரத்தில் காகிதம் விரிந்திருக்கிறதா என்பதும் தெரியும். நகர்வுக்கு ஒரு குறி, விரிவுக்கு இரண்டு குறி.

இங்கேயும் அதேதான். மவுஸ் நகர்வதிலிருந்து இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

- முதல் புள்ளி: கிளையன்ட்எக்ஸ் 160, ஸ்கிரீன்எக்ஸ் 308
- இரண்டாவது புள்ளி: கிளையன்ட்எக்ஸ் 640, ஸ்கிரீன்எக்ஸ் 908
- ஸ்கிரீனில் நகர்ந்தது 600, பக்கத்தில் நகர்ந்தது 480. வகுத்தால் 1.25. இதுதான் ஜூம்
- மூலை: 308 − (160 × 1.25) = 308 − 200 = 108

சரியாக வந்துவிட்டது. இந்த முறையின் நல்ல குணம், பிரவுசர் எந்த அலகில் ஸ்கிரீன்எக்ஸைத் தருகிறது என்று நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு பிரவுசர் இரண்டையும் ஒரே அலகில் தந்தால் விகிதம் தானாகவே 1 என்று வரும், கணக்கும் சரியாகவே இருக்கும். டிவைஸ்பிக்சல்ரேஷியோவைப் பார்த்து ஜூம் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் விண்டோஸின் டிஸ்பிளே ஸ்கேலும் ஜூமும் பெருக்கிக் கலந்து வரும். 1.5 என்று வந்தால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மவுஸின் எண்கள் பெரும்பாலும் முழு எண்ணாக மாற்றப்பட்டே வரும். அதனால் இரண்டு புள்ளிகளும் பக்கம் பக்கமாக இருந்தால் விகிதம் தப்பும். சில நூறு பிக்சல் தள்ளித் தள்ளி எடுங்கள். விண்டோவை நகர்த்தினாலோ ஜூமை மாற்றினாலோ பழைய புள்ளிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

4. விண்டோ நகர்ந்ததை யார் சொல்வது?

யாரும் சொல்ல மாட்டார்கள். அளவு மாறினால் ரீசைஸ் என்ற நிகழ்வு வரும். இடம் மாறினால் எந்த நிகழ்வும் வராது. நாமாகத்தான் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் வழியாக ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்கிரீன்எக்ஸைப் படிக்கலாம், அல்லது அரை விநாடிக்கு ஒருமுறை டைமர் வைக்கலாம். எங்கள் வேலைக்கு அரை விநாடியே தாராளம்.

இப்படி எட்டிப் பார்ப்பதை வைத்தே அழகான காரியங்களும் செய்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் நார்வே கலைஞர் பியோர்ன் ஸ்டால் வெளியிட்ட வீடியோ ஒன்று உலகம் பூராவும் சுற்றியது. இரண்டு பிரவுசர் விண்டோ, ஒவ்வொன்றிலும் ஒளிரும் ஒரு உருண்டை. விண்டோக்களைப் பக்கத்தில் இழுத்தால் உருண்டைகள் ஒன்றையொன்று ஈர்க்கும். அதன் எளிய வடிவத்தை அவர் நிரலாகவும் வெளியிட்டார். மந்திரம் எதுவும் இல்லை: ஒவ்வொரு விண்டோவும் தன் இடத்தைப் படித்து லோக்கல் ஸ்டோரேஜில் எழுதுகிறது, மற்றது அதைப் படிக்கிறது.

5. இரண்டு மானிட்டர் இருந்தால்

இரண்டாவது மானிட்டர் முதன்மை மானிட்டருக்கு இடப்பக்கம் இருந்தால் ஸ்கிரீன்எக்ஸ் மைனஸில் வரும். மைனஸ் என்றால் தப்பு என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். விண்டோஸில் பெரிதாக்கிய விண்டோ சில பிரவுசர்களில் -8 என்றும் காட்டும், பார்டர் ஸ்கிரீனுக்கு வெளியே ஒதுங்கி நிற்பதால்.

அதனால் மூலையை மட்டும் வைத்து "எந்த மானிட்டர்" என்று முடிவு செய்யக் கூடாது. எவ்வளவு பகுதி எதில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இடப்பக்க மானிட்டர் -1920 முதல் 0 வரை, வலப்பக்கம் 0 முதல் 1920 வரை என்று வையுங்கள். விண்டோ -300 இல் தொடங்கி 1200 அகலம். இடப்பக்கம் 300, வலப்பக்கம் 900. மூலை இடப்பக்கத்தில் இருந்தாலும் முக்கால்வாசி விண்டோ வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஓகே பட்டனுக்கு நான் வைத்த விதி இன்னும் கறார்: விண்டோ முழுக்க நல்ல மானிட்டருக்குள் இருக்க வேண்டும், அந்த 8 பிக்சல் பார்டருக்கு மட்டும் சலுகை. பாதி லேபிளை ஒரு ஸ்கிரீனிலும் மீதியை இன்னொன்றிலும் பார்த்து கலருக்கு ஓகே சொல்வதில் அர்த்தம் இல்லை.

மானிட்டர்களின் எல்லை எப்படித் தெரியும்? குரோமிலும் அதன் வழி வந்த எட்ஜிலும் 2022 முதல் கெட்ஸ்கிரீன்டீடெயில்ஸ் என்ற அழைப்பு இருக்கிறது (குரோம் 100). பயனர் அனுமதி கொடுத்தால், இணைத்திருக்கும் எல்லா ஸ்கிரீன்களின் பட்டியலும், ஒவ்வொன்றின் தொடக்க இடமும், அளவும், பெயரும் கிடைக்கும். இப்போது விண்டோ இருக்கும் ஸ்கிரீன் எது என்பதும், அது மாறும்போது ஒரு நிகழ்வும்கூடக் கிடைக்கும். பக்கம் எச்டிடிபிஎஸ் வழியாகவோ லோக்கல்ஹோஸ்டிலோ இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் இது இல்லை.

இல்லாத இடத்தில் ஒரு நாட்டுவழி வைத்தேன். முதல் நாள் விண்டோவை நல்ல மானிட்டருக்கு இழுத்துக்கொண்டு போய், பெரிதாக்கி, "இதுதான் கலர் மானிட்டர்" என்ற பட்டனை ஒருமுறை அமுக்க வேண்டும். அப்போதைய இடத்தையும் ஸ்கிரீன் அளவையும் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மானிட்டரை இடம் மாற்றி வைத்தாலோ டிஸ்பிளே ஸ்கேலை மாற்றினாலோ மறுபடி அமுக்க வேண்டும். 1920க்கு 1080 மானிட்டரில் 150 சதவீத ஸ்கேல் வைத்தால் பிரவுசருக்கு அது 1280க்கு 720 ஆகத்தான் தெரியும். அதனால் ஸ்கிரீன் அளவு மாறியிருந்தாலே பழைய பதிவை நம்பாமல் தூக்கிவிடும்படி எழுதியிருக்கிறேன்.

6. பிரவுசர் சொல்லவே சொல்லாத இடங்கள்

ஸ்கிரீன்எக்ஸ் 0, ஸ்கிரீன்ஒய் 0 என்று வந்தால் விண்டோ மூலையில் ஒட்டி நிற்கிறது என்று மட்டும் அர்த்தம் இல்லை. "சொல்ல மாட்டேன்" என்பதும் 0 ஆகத்தான் வரும்.

லினக்ஸில் வேலண்ட் முறையில் ஓடும் பிரவுசருக்கு விண்டோ எங்கே நிற்கிறது என்று இயங்குதளமே சொல்வதில்லை. அது அந்த வடிவமைப்பின் கொள்கை. டார் பிரவுசரும், ஃபயர்பாக்ஸில் கைரேகைத் தடுப்பைப் போட்டவர்களும் வேண்டுமென்றே 0 தருவார்கள். அங்கே மவுஸ் வழியும் வேலை செய்யாது, ஸ்கிரீன்எக்ஸும் கிளையன்ட்எக்ஸும் ஒன்றாகவே வரும். காரணம் நியாயமானது. விண்டோவின் இடம், அளவு, பார்களின் உயரம் இதையெல்லாம் சேர்த்தால் ஒருவரை அடையாளம் காணுகிற துப்பாகிவிடும். மொபைலில் விண்டோ நகரவே நகராது, ஆகவே அங்கேயும் 0தான்.

ஆக நிரலுக்கு இரண்டு விடை போதாது. "நல்ல மானிட்டர்", "வேற மானிட்டர்", "தெரியலை" என்று மூன்று வேண்டும். மூன்றாவதை முதலாவதோடு சேர்த்துவிட்டால், சரிபார்ப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் கண்ணால் பார்க்க மாட்டார்கள். அது சரிபார்ப்பே இல்லாததைவிட ஆபத்து.

கடைசியில் எழுதியது

இப்போது ஓடுவது இப்படி: கெட்ஸ்கிரீன்டீடெயில்ஸ் இருந்தால் அது, இல்லாவிட்டால் பதிந்து வைத்த எல்லை, இரண்டும் நம்பும்படி இல்லையென்றால் "தெரியலை". வேறு மானிட்டரில் இருந்தால் ஓகே பட்டன் சாம்பல் நிறமாகி, "கலர் மானிட்டருக்கு இழுத்துட்டுப் போங்க" என்று வரும். "தெரியலை" என்றால் பட்டன் வரும், ஆனால் "கலர் மானிட்டரில்தான் பார்க்கிறேன்" என்று ஒரு டிக் போட வேண்டும். யார், எப்போது டிக் போட்டார்கள் என்பது பதிவாகும். மவுஸ் வழியை மானிட்டர் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தவில்லை. லேபிளின் மூலை ஸ்கிரீனில் எங்கே விழுகிறது என்று பிக்சல் கணக்கில் காட்டவேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இடம் சரி என்பதால் கலர் சரி என்று ஆகாது. மானிட்டர் அளவிட்டு எத்தனை மாதம் ஆயிற்று, ஜன்னல் வெயில் ஸ்கிரீன்மேல் விழுகிறதா என்பதெல்லாம் எந்தப் பண்பிலும் வராது. சிஎஸ்எஸ்ஸில் கலர்-கேமட் என்று கேட்டால் மானிட்டர் எவ்வளவு விரிந்த நிற எல்லையைக் காட்டும் என்று தோராயமாகச் சொல்லும், அளவிட்டதா என்று சொல்லாது. விருதுநகரில் கடையில் உட்கார்ந்தபடி போனிலேயே ஓகே சொல்லுகிற அண்ணாச்சிகளுக்கு இந்த நிரல் ஒரு உதவியும் செய்யாது. அவர்களுக்குப் பழையபடி அச்சடித்த புரூஃபைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழி.

ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்திய வாரங்களில் ஒரு நாளைக்கு எத்தனை டிசைன் அந்த மேசையைக் கடக்கும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த அவசரத்தில் எந்த ஸ்கிரீனில் பார்க்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது மனுஷன் வேலையாக இருக்கக் கூடாது. அந்த ஒரு வேலையை மட்டும் அரை விநாடிக்கு ஒருமுறை இந்த நிரல் பார்த்துக்கொள்ளும். மற்றதற்கு அவர்கள் கண்தான்.